தட்டுச் சத்தத்துக்குத் திரும்பிய பிள்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கம் என்றால் ரிஜிஸ்டரில் எழுதியதுதான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடந்தபோது, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று என்னையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்து, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். எழுந்தேன். வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. நீங்கள் யாரும் சிரிக்காமல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்திருந்தால்கூட உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். படித்தவர்கள் சொல்ல வேண்டியதை இவள் ஏன் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். இது நான் செய்த தப்பு. நான்தான் எழுத வேண்டும்.

பேச்சு வராத ஒரு பெண் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று ஒன்றேகால் வருஷம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கேட்கவே இல்லை.

எங்கள் மையம் மாமல்லபுரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால், சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சந்தில். காலையில் எட்டு மணிக்குக் கல் அறுக்கிற மெஷின் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். அந்தச் சத்தத்தில் நாங்கள் பாட்டுச் சொல்லிக் கொடுப்போம், கதை சொல்வோம், எடை போடுவோம். எனக்குத் துணையாக இருந்தவர் கன்னியம்மா. சமையலும் அவர்தான், பிள்ளைகளை அழைத்து வருவதும் அவர்தான். குப்பத்துப் பெண். வாய் ஓயாது. நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் பத்து பேசுவார். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்தது கிடையாது.

குழந்தை வளர்ச்சி அட்டையில் ஒரு கேள்வி இருக்கும், உங்களுக்கும் தெரியும். கூப்பிட்டால், சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறதா. இந்த ஒரு கேள்விக்கு டிக் போடுவது சுலபமில்லை. புது இடத்துக்கு வந்த பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, அம்மா முந்தானைக்குள் போய்விடும். கிலுகிலுப்பை ஆட்டினால் பட்டறைச் சத்தத்தில் நமக்கே கேட்காது. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகள் சாப்பிட உட்கார ஒரு நீளமான மர பெஞ்ச் உண்டு, முழங்கால் உயரம்தான் இருக்கும். பிள்ளையை அதில் உட்கார வைத்துக் கையில் ஏதாவது கொடுத்துவிடுவேன். பின்னால் போய், எவர்சில்வர் தட்டை எடுத்து பெஞ்சின் ஓரத்தில் டங்கென்று ஒரு தட்டு. உடனே திரும்பும். சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை உலகத்தில் உண்டா என்று நினைத்தேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. மாதக் கூட்டங்களில் நான் கடைசி வரிசை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். ஒரே ஒரு தடவை, மேற்பார்வையாளர் அம்மா காது கேட்பதைப் பார்க்க யார் யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்தவர் என்னை இடித்து எழுப்பிவிட்டார். தட்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பல மையங்களில் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

ஷிஃபா என்று அந்தப் பிள்ளையை இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவளுடைய அத்தா சாதிக், கடற்கரைக்குப் போகிற வழியில் தொப்பி, சங்கு, சிப்பி மாலை விற்கிற கடை வைத்திருந்தார். அம்மா ஜரீனா, கேளம்பாக்கத்துப் பெண். சத்துமாவு வாங்க வரும்போது இடுப்பில் ஷிஃபாவை வைத்துக்கொண்டு வருவாள். பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆனபோது ஜரீனா முதல் தடவை என்னிடம் கேட்டாள். இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லையே, காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது டீச்சர் என்றாள். உடனே பெஞ்சில் உட்கார வைத்தேன். தட்டினேன். ஷிஃபா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜரீனாவும் சிரித்தாள். நானும்.

இரண்டு வயதானதும் பிள்ளை எங்களிடமே வந்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு தடவை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். பேச்சு மட்டும் வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைத் தட்டுவாள். கெட்டிக்காரி, எல்லாம் புரிகிறது, பேச்சுதான் லேட் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சாதிக், தானே நாலு வயதில்தான் பேசியதாக வீட்டில் சொல்வார்கள் என்றார். அக்கம்பக்கத்தில் வசம்பு உரசித் தடவச் சொன்னார்கள், தடவினார்கள். கோவளம் தர்காவுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தார்கள். கன்னியம்மா மட்டும் அவளைக் கலெக்டரம்மா என்று கூப்பிடுவார். "இன்னா அமைதி பாருக்கா. இந்த பால்வாடியிலேயே பேஜாரு பண்ணாத ஒரே புள்ள இதான்" என்பார்.

அந்தப் பேச்சை நினைத்தால்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. முப்பது பிள்ளைகளை இரண்டு பேர் பார்க்கிற இடத்தில், சத்தம் போடாத பிள்ளை நமக்கு நல்ல பிள்ளை. அழுகிற பிள்ளையைத்தான் பத்துத் தடவை தூக்கிப் பார்க்கிறோம். நல்ல பிள்ளையை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

ஷிஃபாவுக்கு இரண்டே முக்கால் வயது இருக்கும்போது, ஒரு நாள் முற்பகல் பதினொன்றரை மணி. கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பட்டறை மெஷின் நின்றிருந்தது. கன்னியம்மா உள்ளே சாம்பார் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாசல் பக்கம் விளையாடினார்கள். யாரோ கொடுத்த தடிமனான ரப்பர் பாய் ஒன்று உண்டு, மெத்தை மாதிரி அமுங்கும். அதில் ஷிஃபா தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அத்தா கடையிலிருந்து கொண்டு வந்த சிப்பிகளை ஒரு டம்ளரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

எப்படிப்பட்ட சத்தம் என்றால், நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது எனக்கே தெரியாது. கன்னியம்மா கரண்டியோடு ஓடி வந்தார். பிள்ளைகள் மொத்தமும் அலறினார்கள். ஒருவன் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். கூரை மேல் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

ஷிஃபா டம்ளரில் ஒரு சிப்பியைப் போட்டாள். பிறகு இன்னொன்றைப் போட்டாள்.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு அசையவில்லை. தோள் தூக்கிப் போடவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை எழுந்து ஓடியபோதுதான் தலையைத் தூக்கினாள். எல்லோரும் அழுவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. அழுகிற பிள்ளை ஒன்றுக்குச் சிப்பியை நீட்டினாள்.

இவளுக்குக் கேட்கவில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மேலே யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. தெருவில் இருந்த அம்மாக்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள், அவரவர் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டார்கள். ஜரீனாவும் வந்தாள், தலைத்துணி நழுவி, ஒரு காலில் செருப்பு இல்லாமல். கேட்டிலிருந்தே ஷிஃபா, ஷிஃபா என்று கத்திக்கொண்டு வந்தாள். ஷிஃபா திரும்பவில்லை. ஜரீனா நிற்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. நேராகச் சுற்றிக்கொண்டு பிள்ளையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஷிஃபா அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். தினமும் அவள் இப்படித்தான் முன்னால் போய்க் கூப்பிடுவாள். தினமும் நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "பயந்துட்டாளா டீச்சர்?" என்று கேட்டாள்.

தங்கைகளே, இந்த ஒரு கேள்விதான். பயந்துவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் பாதிதான் சொன்னேன். "இல்லம்மா. பயப்படல" என்றேன்.

ஜரீனா முகம் மலர்ந்துவிட்டது. அவள் அத்தா மாதிரி தைரியம் டீச்சர், இடி இடித்தாலும் அசைய மாட்டாள் என்றாள். பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த அம்மாக்களிடமும் சொன்னாள்.

கன்னியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கும் புரிந்திருந்தது. என் காதருகே வந்து, "விடுக்கா. மூணு வாரத்துல புள்ளைங்கள செக் பண்ற டாக்டர் டீம் வருது. அவுங்க வாயால வரட்டும். நீ ஏன் தலைய குடுக்கற" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. டாக்டர் சொன்னால் டாக்டர் சொன்னதாகப் போய்விடும். அட்டையில் இத்தனை மாதம் டிக் போட்டது யார் என்று யாரும் தேட மாட்டார்கள். இதை நான் நினைத்தேன். மறைக்க விரும்பவில்லை. ஜரீனா செருப்பைத் தேடிக்கொண்டு கேட்டுப் பக்கம் நடக்கிற வரை நினைத்தேன்.

பிறகு, கொஞ்சம் இரும்மா என்று கூப்பிட்டுவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மற்ற அம்மாக்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். ஷிஃபாவைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். சிப்பியைக் கையில் கொடுத்தேன். பின்னால் போய்த் தட்டை எடுத்து பெஞ்சின் ஓரத்தில் தட்டினேன். திரும்பினாள். ஜரீனா சிரித்தாள், எப்போதும் போல.

அடுத்ததாகத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பெஞ்சில் படாமல், எதிலும் படாமல். மறு கையில் கன்னியம்மாவின் சாதக் கரண்டி. அடித்தேன். ஷிஃபா சிப்பியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஓங்கி அடித்தேன். கன்னியம்மா காதைப் பொத்திக்கொண்டார். பிள்ளை அசையவில்லை. மறுபடி தட்டைப் பெஞ்சில் மெதுவாக, விரலால் சுண்டுகிற அளவுக்குத் தட்டினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மரத்தில் வந்த அதிர்வு அது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் நான் அவளைப் பின்னாலிருந்து தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டுவிட்டு, கேட்கிறது, கேட்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

ஜரீனா முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. முதலில் கண் மாறியது, சிரிப்பு பிறகுதான் போனது. அவள் வந்து தட்டையும் கரண்டியையும் என் கையிலிருந்து வாங்கினாள். பிள்ளைக்குப் பின்னால் நின்று அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் கை ஓய்ந்து முன்னால் வந்து நின்றாள். ஷிஃபா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கையில் தட்டும் கரண்டியும் இருந்தது. சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டு சிப்பியைக் கீழே வைத்துவிட்டு, காலைச் சேர்த்து ஒழுங்காக உட்கார்ந்து, கழுவுவதற்காக இரண்டு கையையும் நீட்டினாள். அப்படிப் பழக்கியதும் நான்தான்.

கன்னியம்மா சொம்பை எடுத்து வந்து அந்தக் கையைக் கழுவிவிட்டார்.

ஜரீனா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. குரலை உயர்த்தாமல், "போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்தீங்களே, ஞாபகம் இருக்குதா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஞாபகம் இல்லை என்றேன்.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போறதுக்காக நின்னுகினு இருந்தேன். காது டெஸ்ட்டுக்கு. அவரு வேணான்னாரு, நான் சண்டை போட்டுட்டு வந்தேன். நீங்க பஸ்ஸுலருந்து எறங்குனீங்க. எங்கம்மா போறேன்னு கேட்டீங்க. சொன்னேன். எதுக்கும்மா வீணா அலையற, தட்டுக்குத் திரும்புறாளே, நம்ம கண்ணால பாத்தோமேன்னு சொன்னீங்க. திரும்பி வூட்டுக்குப் போய்ட்டேன்."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு வந்தது. அன்று கூட்டம் முடிந்து வந்து இறங்கினேன். கையில் பை கனமாக இருந்தது. நின்று முழுதாகக் கேட்கக்கூட இல்லை, நடந்துகொண்டே சொன்னேன். ஆறுதல் சொன்னதாக நினைத்திருப்பேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பேன். அந்த ஒரு பேச்சு ஒரு பெண்ணை பஸ் ஏறவிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறது. கூட்டத்தில் என் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று வெட்கப்பட்டு வாழ்ந்தவள் நான். இவள் கேட்டிருக்கிறாள்.

சாதிக்குக்குப் போன் போனது. கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ஜரீனா தட்டை அடித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். இன்னொரு தடவை என்றார். பார்த்தார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, யார் மீதும் கண் வைக்காமல், நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஜரீனா என்னைக் காட்டி, "டீச்சரும் வரணும். எத்தனை மாசமா கேக்குதுன்னு எழுதுனாங்களோ, அத டாக்டராண்ட அவுங்களே சொல்லட்டும்" என்றாள். வருகிறேன் என்றேன்.

அன்று மாலை மையத்தைப் பூட்டியதும் வாசல்படியில் உட்கார்ந்து, தட்டு முறையை என்னிடம் கேட்டுக்கொண்டு போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். நான் யாருக்கும் போன் செய்கிறவள் இல்லை என்பதால் எல்லோரும் முதலில் யார் செத்துப்போனார்கள் என்றுதான் கேட்டார்கள். சொன்னேன். சிலர் நம்பவில்லை. ஒருவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். இன்னொருவர், அப்போ நாம எழுதின ரிக்கார்டு என்ன ஆவறது என்று கேட்டார். மேற்பார்வையாளர் அம்மாவிடம் கடைசியாகச் சொன்னேன். அவர், பெஞ்சிலயா தட்டுவீங்க, பெஞ்சிலயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் கை தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஷிஃபாவுக்கு இப்போது ஐந்து வயது. இரண்டு காதும் கேட்கவில்லை என்று உறுதியாகி, ஆபரேஷன் செய்து, கருவி வைத்து, பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அம்மா, அத்தா, தண்ணி, வா, வேணாம் என்று வருகிறது. வேணாம் என்பதுதான் மிகத் தெளிவாக வருகிறது என்று ஜரீனா சொல்வாள். ஒரு நாள் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். ஒன்றரை வயதிலேயே கொண்டு வந்திருந்தால் இப்போது எவ்வளவு பேசியிருப்பாள் என்று. இளம் பெண், உங்கள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து, இனிமே ஆவறதப் பாக்கலாம்மா என்றாள். நல்ல மனசு. ஆனால் பதில் அதில் இருந்தது.

உங்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நம்மிடம் காதைப் பரிசோதிக்கிற கருவி கிடையாது. என்னிடம் ஒரு தட்டு இருந்தது, அதைக் கருவி என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் வேறு ஏதாவது வைத்திருப்பீர்கள். கையைத் தட்டிப் பார்ப்பீர்கள், நிழல் பிள்ளைக்கு முன்னால் விழும். பின்னாலிருந்து கூப்பிடுவீர்கள், பக்கத்துப் பிள்ளை திரும்பும், அதைப் பார்த்து இதுவும் திரும்பும். பிள்ளை நம்மை ஏமாற்றுவதில்லை. அது தனக்குக் கிடைக்கிறதை வைத்துப் பிழைக்கிறது. ஒன்றரை வயதில் நாலு வார்த்தை வரவில்லை என்று ஒரு அம்மா சந்தேகப்பட்டால், சந்தேகம் தப்பாகவே இருக்கட்டும், பஸ் ஏறப்போகிறவளை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல நம் நாக்கு துடிக்கும். அதைத்தான் நான் அடக்கியிருக்க வேண்டும். மற்றதையெல்லாம் அடக்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

இன்னும் யாராவது தட்டை வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், அது என்னிடமிருந்து வந்தது. விட்டுவிடுங்கள்.

டிரான்ஸ்பார்மர் வெடித்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் செங்கல்பட்டு போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஷிஃபா ஜரீனா மடியில் தூங்கிவிட்டாள், ஆஸ்பத்திரி வரும் வரை எழவில்லை. அந்த டெஸ்ட் எடுக்கப் பிள்ளை தூங்க வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். மதியம் இரண்டு மணி வரை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தோம். அவள் தூங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.